நாற்பத்தேழு கிலோ தம்பி, ஐம்பத்தெட்டு கிலோ அக்கா

எங்கள் சமையலறையில் அடுப்பு பற்றுவதற்கு முன்னால் தராசு மேசைக்கு வந்துவிடும். ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். படிக்க வந்த நானும் லேனா என்ற ஜெர்மன் பெண்ணும் பங்கு போட்டுக் குடியிருக்கிற வீடு. தராசுக்குப் பெயர் க்யூஷன்வாகே, அதாவது சமையலறைத் தராசு. கைப்பேசியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. லேனா அதன்மேல் கிண்ணத்தை வைப்பாள், பொத்தானை அழுத்தி சைபர் ஆக்குவாள், நூடுல்ஸைக் கொட்டுவாள், நூறு கிராம் வந்ததும் நிறுத்துவாள். நூற்றி மூன்று வந்தால் இரண்டு மூன்றைப் பொறுக்கித் திரும்பவும் பாக்கெட்டில் போடுவாள். வந்த முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டு, பாவம் இந்தப் பெண்ணுக்கு ஏதோ கஷ்டம் என்று நினைத்து, நான் வடித்த சோற்றில் பாதியை அவள் தட்டில் தள்ளினேன். அவள் பதறிப்போய் பானையை எட்டிப் பார்த்தாள். "இதை எத்தனை பேருக்குச் சமைத்தாய்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஆள் எண்ணி உலை வைத்ததில்லை.

இங்கே மதியம் ஆனால் பல்கலைக்கழக நடையில் எதிர்ப்படுகிறவர்கள் "மால்ட்சைட்!" என்பார்கள். சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். நம் பக்கம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பது போலத்தான் என்று எடுத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரை நிறுத்தி, காலையில் ரெண்டு ரொட்டி, இப்போது தக்காளிச் சோறு, பொரியல் இல்லை என்று விவரமாகச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அது வெறும் வணக்கம் என்று பிறகு லேனா சொன்னாள். நான் சாப்பிட்டேனா என்று இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பதினாலு மாதத்தில் பதினோரு கிலோ ஏறியிருந்தேன். வரும்போது நாற்பத்தேழு, இப்போது ஐம்பத்தெட்டு.

எனக்கு அது மர்மமாகவே இருந்தது. அம்மாமேல் சத்தியமாக நான் இங்கே கம்மியாகத்தான் சாப்பிடுகிறேன். ஊரில் சோளம் உரிக்கிற காலத்தில் நான் சாப்பிட்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கல்வராயன் மலை அடிவாரம் எங்கள் ஊர். சங்கராபுரத்திலிருந்து வரும் பஸ் எங்களை இறக்கிவிட்டு மலை ஏறும். காலையில் மலை உச்சியில் மேகம் ஈரத் துணி மாதிரி கிடக்கும்போதே அம்மாவோடு சோளக் கொல்லை வேலைக்குப் போய்விடுவோம். பத்து மணிக்குக் கேழ்வரகுக் களி, என் ரெண்டு கையும் சேர்ந்தால்தான் பிடிக்க முடிகிற உருண்டை. மதியம் குண்டான் சோறு. சாயங்காலம் நடந்து வரும் வழியிலேயே மறுபடி பசிக்கும். அப்படித் தின்ற நான் எலும்பாக இருந்தேன். இங்கே ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு சீஸ், ஒரு பால் காப்பி, கொஞ்சம் சாக்லேட், சட்டை பத்தவில்லை.

லேனா துடுப்புப் படகு வலிக்கிறவள், போட்டிக்கெல்லாம் போவாள். உடம்பு விஷயத்தில் அவளுக்கு மர்மம் என்று ஒன்றும் கிடையாது. "வருகிறது, போகிறது, அவ்வளவுதான்," என்றாள். என் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். தின்பதை ஒரு பக்கம் எழுத வேண்டும். உடம்பு செலவழிப்பதை அது இன்னொரு பக்கம் போடும். வரவு கூடினால் மிச்சம் உடம்பில் தங்கும். செலவு கூடினால் உடம்பு தன்னையே கரைத்துக் கொடுக்கும். நான் ஆசையாகக் களி என்று தட்டினேன். அதற்குக் களி தெரியவில்லை. பொலெண்டா என்று ஒரு இத்தாலியச் சோளக் கூழைக் காட்டி, இதுவா என்றது. சரி, இதுவே என்றேன். அடுத்து, உன் வேலை எப்படி என்று கேட்டது: உட்கார்ந்தபடியா, நின்றபடியா, கடின உழைப்பா. அங்கேதான் விஷயம் புரிந்தது. கொல்லையில் நான் தின்றதை எல்லாம் அன்றைக்கே கொல்லைக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே கணினி முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கையளவு சீஸை யாருக்கும் கொடுக்காமல் நானே வைத்துக்கொள்கிறேன். அந்தத் துண்டு சீஸுக்குள் அரைக் குண்டான் சோறு ஒளிந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

அதே வாரத்தில் ஊரில் என் தம்பி எடை கம்மி என்று திருப்பி அனுப்பப்பட்டான்.

அவன் பெயர் வேடியப்பன், வீட்டில் வேடி. எங்கள் ஊர்ச் சாமியின் பெயர்தான். பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. அப்பா மண்டியில் சோள மூட்டை ஏற்றுகிற ஏழு பேரில் ஒருவர். நான் காலேஜில் இருந்தபோது அப்பா தவறினார். அந்த ஏழாவது இடத்தில் பதினேழு வயசில் வேடி நின்றான். மூட்டை அறுபது கிலோ, அவன் நாற்பத்தேழு சொச்சம். விடியும் முன் மலைரோட்டில் ஓடி, பிறகு நாள் பூராவும் மூட்டை தூக்கி, இப்படி மூணு வருசம் தயாரானான். ஆள் எடுப்பில் ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தான். ஆனால் அவன் உயரத்துக்கு ஐம்பது கிலோ வேண்டுமாம். கூட்டாளிகள் சொன்னார்கள் என்று காலையிலேயே பதினோரு வாழைப்பழமும் ஒரு குடம் தண்ணியும் ஏற்றிக்கொண்டு போனவன், ஓடி முடித்ததும் மைதான ஓரத்தில் அத்தனையையும் கொட்டிவிட்டான். பிறகு தராசில் ஏறினால் ரெண்டரை கிலோ கம்மி.

"இன்னும் ஒரே ஒரு தபா தான்க்கா போவ முடியும்," என்றான் போனில். "பங்குனி கடசில வெக்கிறாங்க. அப்பறம் வயசு பூடும்."

மூன்று மாதம் இருந்தது. புதிதாகப் படித்தவளுக்கு வரும் தலைக்கனம் எனக்கு வந்தது. எனக்குத்தான் கணக்கு தெரியுமே! "வயித்துல இருக்கற பழமும் தண்ணியும் உன் எடை இல்லடா, வழிப்போக்கன் மாதிரி. ஒடம்புலேயே தங்கற எட வேணும். தினம் செலவழிக்கறதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி துன்னணும், அவ்ளோதான்," என்றேன். ஒப்பந்தம் போட்டோம். அவன் ஏற்ற வேண்டும், நான் இறக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஆளுக்கொரு படம். நான் குளியலறைத் தராசில் நின்று என் காலோடு சேர்த்து எடுப்பேன். அவன் மண்டியில் மூட்டை போடும் எடை மிஷினில் ஏறுவான். சிவப்பு எழுத்தில் 47.8. மண்டிக்காரர் அவனைப் பார்த்து, "இன்னாடா இந்த மூட்ட இம்மாங் கம்மியா இருக்குது, சாக்குல ஓட்டயா?" என்று சத்தம் போடுவாராம்.

முதலில் ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கினேன். விடுமுறைக்கு ஊர் போன சீனியர் ஒருவர் உளுந்தூர்பேட்டைவரை கொண்டுபோய்க் கொடுத்தார். வேடி ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்தான். ஒரு மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் கேட்டால் தீர்ந்துவிட்டது. எங்கள் வரிசையில் பதினாலு வீடு. வீட்டுக்கு ரெண்டு கரண்டி என்று அம்மா பேப்பரில் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"எம்மா, அது மருந்து மாதிரிம்மா! அவனுக்கு மட்டும்தான்!"

"நல்லாக்கீதுடி ஒன் ஞாயம். வெளிநாட்டு டப்பாவ தெரு புள்ளைங்க பாத்துகினு நிக்குது, நாம மட்டும் கதவ சாத்திகினு கலக்கி குடிக்கறதா?"

லேனாவிடம் பதினாலு வீட்டுக் கதையைச் சொன்னேன். "உன் தம்பிக்கு எவ்வளவு போனது?" என்று கேட்டாள். ஒரு டம்ளர் என்றேன். அவள் செயலியில் முழு டப்பாவையும் பதினாலால் வகுக்கப் பார்த்தாள்.

அடுத்து, பகிர முடியாதபடி திட்டம் போட்டேன். காலையில் ரெண்டு முட்டை, வேர்க்கடலை உருண்டை, களிக்கு மேல் நல்லெண்ணெய். எல்லாம் மண்டியிலேயே தின்றுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வேடி அப்படியே செய்தான். வாரம் ஒன்று: 48.0. வாரம் ரெண்டு: 47.7. வாரம் மூன்று: 47.8. என் பக்கம் என்னடா என்றால் ஐம்பத்தெட்டு ஐம்பத்தாறு ஆகியிருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு அவனிடம் ஒரு நாளை மணிக்கணக்காகச் சொல்லச் சொன்னேன். அப்போதுதான் வெளியே வந்தது.

"முன்னெல்லாம் மூணு லாரிக்கு மேல கண்ணு இருட்டும்க்கா. இப்ப முட்ட துன்றதால தெம்பா இருக்குது. நாலாவது லாரியும் ஏத்தறேன்."

"யாருடா ஏத்த சொன்னது?"

"யாரு சொல்லணும்? எல்லாரும் கூழு குடிச்சிகினு இருக்கறப்போ நா மட்டும் முட்ட உரிக்கிறேன். 'முட்ட துன்றவன் ரெண்டு மூட்ட ஜாஸ்தி தூக்குடா'ன்றானுங்க. தூக்காம எப்பிடி ஒக்காந்துகினு இருக்கறது?"

நான் வரவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செலவு அவனுடையது இல்லை. அது ஏழு பேரின் பொதுச் செலவு. ஒருவன் தின்றால் அது ஏழு பேருக்கும் லாரியாகிப் போய்விடுகிறது.

அந்த ஏழு பேருக்கும் தலைவரான மேஸ்திரிக்கே போன் போட்டேன். ஏழுமலை மாமா, அப்பாவின் கூட்டாளி. அரை மணி நேரம் வரவு, செலவு, கலோரி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தமும் சாக்குத் தட்டும் சத்தமும் கேட்டது. அந்தச் சோளத் தூசி என் மூக்கில் ஏறியதுபோல இருந்தது; நிஜமாகவே தும்மினேன்.

"புரியுது பாப்பா. டீசல் ரொம்பணும்னா வண்டி நிக்கணும்ன்ற. அதான?"

"அதே தான் மாமா!"

"சோள சீசன்ல வண்டி நிக்கலாமா? ஏழு பேரு வேலய ஆறு பேரு செஞ்சா யாரு முதுவு தாங்கும்? அவன் பட்டாளம் போவணும்னு எனக்கும் தான் ஆச. ஒனக்கு அங்க ஒக்காந்துகினு சொல்றது சுளுவு." வைத்துவிட்டார். அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறேன். செயலியிலும் அதைத்தான் குறித்திருந்தேன்.

ரெண்டு நாள் கழித்து அம்மா வீடியோவில் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இன்னாடி மூஞ்சி இப்பிடி வத்திகினு கெடக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் கம்மியா சாப்புடறேன். அவன் ஏத்தணும், நா எறக்கணும்னு வேடியோட பேச்சு. ஆள் எடுப்பு முடியற வரைக்கும்."

அம்மா போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "வேடியப்பனுக்கா வேண்டிகினு இருக்கற?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்ன சொல்வது? சீஸும் சாக்லேட்டும் தின்று தின்று எனக்குச் சதை போட்டுவிட்டது, அதைக் கரைக்கிறேன் என்றா? உடம்பில் மிச்சம் தங்குமளவுக்கு ஒருநாளும் தின்றிராதவளிடமா? எங்கள் பக்கம் ஒருவர் வயிற்றைக் கட்டினால் அது இன்னொருவருக்காகத்தான். புருசனுக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை, மாட்டுக்குப் பிரசவம். யாராவது ஒருவேளை விட்டுவிடுவார்கள். தனக்காகப் பட்டினி கிடப்பதற்கு அம்மாவிடம் வார்த்தையே கிடையாது. நான் "ம்" என்றேன்.

அந்த ஞாயிறு வந்த படத்தில் எடை மிஷின் இல்லை. வேடியின் உள்ளங்கையில் ஒரு கோணி ஊசி. மண்டியில் சாக்கு வாயைத் தைக்கிற வேலையை முதுகு போனவர்களுக்கும் வயசானவர்களுக்கும்தான் கொடுப்பார்கள். கை கால் நன்றாக இருப்பவனுக்கு ஊசியைக் கொடுப்பது அவமானம். அடிபட்டுவிட்டதோ என்று உடனே கூப்பிட்டேன்.

அவன் சிரிக்கிறான். மதியம் சோறு கொண்டுபோன அம்மா, என் வேண்டுதலை மண்டியில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டிருக்கிறாள். மேஸ்திரி கை கழுவி எழுந்துபோய், ஊசியை எடுத்து வந்து வேடி மடியில் போட்டாராம்.

"ஒக்காருடா. இன்னியிலேர்ந்து மூட்ட வாய தை."

"நா இன்னா முதுவு போனவனா மாமா?"

"ஒங்க அக்கா கண்காணாத தேசத்துல வயித்த கட்டிகினு கெடக்குது. நாம ஆளுக்கு பத்து மூட்ட ஜாஸ்தி தூக்கினா கொறஞ்சா பூடுவோம்? தை. பங்கு ஒனக்கு எப்பவும் போல தான்."

ஒருவன், "டெய்லரு, எனக்கு ஒரு சட்ட தச்சி குடு," என்றானாம். இன்னொருவன், "மொதல்ல ஜாக்கெட்டு கத்துகட்டும்," என்றானாம். வேடி இதைச் சொல்லிச் சிரிக்க, நான் இங்கே ஜன்னல் ஓரம் நின்று அழுதேன். அவன் ஒரு நாளைக்கு அறுபது மூட்டை தூக்குவான். ஆறு பேருக்குப் பத்துப் பத்து. என் அரை மணி நேரக் கணக்கு அசைக்காததை ஒரு "ம்" அசைத்துவிட்டது. அந்த "ம்" பொய்.

அதைப் பொய்யாக விடக் கூடாது என்று தோன்றியது. அன்றிலிருந்து ஆள் எடுப்பு முடியும்வரை இனிப்பு இல்லை, சனிக்கிழமை ஒருவேளை சாப்பாடு இல்லை. செயலிக்காக இல்லை. லேனாவின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. கேக் வேண்டாம் என்றேன்.

"அளவுக்கு மேல் குறைக்கிறாயா? உன் கணக்கில் இன்று இடம் இருக்கிறதே."

"இது டயட் இல்லை. சாமிக்கு."

லேனா யோசித்தாள். கேலி இல்லாமல், அக்கறையாகவே கேட்டாள்: "உங்கள் சாமிக்கு எத்தனை கலோரி குறைய வேண்டும்?"

"தெரியாது. ரெண்டு கிலோ கூட வேண்டும்," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வேடி உட்கார்ந்து தைத்தான். காலை ஓட்டத்தை மட்டும் விடவில்லை. அதே முட்டை, அதே கடலை, அதே களி. 48.3. 48.9. 49.4. ஒரு வாரம் அப்படியே நின்றது. பிறகு 50.1. கடைசி ஞாயிறு 50.6. ஒவ்வொரு படத்திலும் எழுத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் மங்கலாக வளைந்து நடக்கிற முதுகுகளைத்தான் தேடினேன். அந்த மூன்று கிலோ எங்கிருந்து வந்தது என்று அவற்றைப் பார்த்தால் தெரிந்தது.

ஆள் எடுப்பு நாளன்று வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. இங்கே மதியம், "மால்ட்சைட்" நேரம், போன் அடித்தது.

"அக்கா. அம்பது பாயிண்ட் நாலு."

"பழம் துன்னியா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் எட போட்டு முடிச்சப்பறம்."

எதிரே வந்த யாரோ மால்ட்சைட் என்றார்கள். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

மிச்சப் பரீட்சைகளும் தேறி, அடுத்த மாதம் வேடி வடக்கே பயிற்சிக்குக் கிளம்புகிறான். நேற்று கேட்டான்: "அங்க சோறு ஆளுக்கு அளந்து தான் போடுவாங்களாக்கா?" இருக்கும்டா என்றேன். "சாப்ட்டியான்னு கேப்பாங்களா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். மண்டியில் அப்பாவின் இடம், பிறகு அவன் இடம், இனி காலி. ஊசியை மேஸ்திரி மாமா பத்திரமாக எடுத்து வைத்துவிட்டாராம்.

அம்மா சொன்னாள்: "வேண்டுதல முடிச்சிடு பாப்பா. ஒரு பொங்க வெச்சி நாலு பேருக்கு குடு." மலையிலிருந்து வாங்கிய சாமை ஒரு கிலோ, அந்த சீனியர் திரும்பும்போது அம்மா கொடுத்துவிட்டது, இவ்வளவு நாளாக அலமாரியில் இருந்தது. இன்று காலை எங்களிடம் இருப்பதிலேயே பெரிய பானையை எடுத்தேன். லேனா பழக்க தோஷத்தில் தராசைக் கொண்டுவந்து வைத்து, "எத்தனை பேருக்கு?" என்றாள்.

இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்தது. "பத்து," என்றேன். மண்டியில் ஆறு பேர், வேடி, அம்மா, நான், நீ.

நூறு கிராம் வீதம் ஒரு கிலோ, சரியாக இருக்கிறது என்று லேனா மெச்சிக்கொண்டாள். சாமை வேகும் ஆவியில் ஜன்னல் கண்ணாடி பனித்தது. வெளியே அந்த ஊர் மறைந்துபோயிற்று. வெல்லம் போட்டு இறக்கினேன். நானும் அவளும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பங்கு சாப்பிட்டோம். செயலியில் குறித்தேன்: மொத்தம் பத்துப் பங்கு, சாப்பிட்டது ஒன்று. இன்றைக்கு உனக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்றது அது.

எனக்கு வயிறு நிறைந்திருந்தது. பானையில் எட்டுப் பேர் பங்கு ஆறிக்கொண்டிருந்தது.